லியோனா இடத்தை விடாத நாள்

லியோனா பேட்டன் அழகியும் இல்லை, சாந்தமானவளும் இல்லை. வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பாட்டில் அடைத்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்தில் நின்றாலும் அவள் கையில் வினிகர் வாடை அடிக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பதினோரு பேர் எனக்காக மண்ணுல உருளறானுங்க. வீட்டுல வேற ஒருத்தன் வந்து உருளணுமா?" என்பாள். அமெரிக்கக் கால்பந்தே உயிர் என்று கிடக்கும் எங்கள் கிரீன் பேயில் இந்தப் பதிலை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

ஸ்டேடியத்தில் அவளும் அவள் அப்பா ஹென்றியும் உட்காரும் இரண்டு இடங்களுக்கு அடுத்த இரண்டு இடம் எங்களுடையது. எனக்கும் என் புருஷன் ரேவுக்கும். அதனால் அந்தக் குடும்பத்தின் சண்டை எல்லாம் எனக்கு அத்துப்படி.

ஹென்றி மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். இறுதி ஆட்டத்தின் கதை முழுவதும் அவர் நாக்கில் இருக்கும். நம் ஊர் முதல் மூன்று பட்டம் வாங்கிய காலத்தில் இறுதி ஆட்டம் என்ற ஒன்றே கிடையாது. வருடம் முழுக்க யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்கள் சாம்பியன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றில்தான் அணிகளை இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கத்திலும் முதலாவதாக வந்தவர்கள் மோதட்டும் என்று வைத்தார்கள். முப்பத்தொன்பதில் நாம் போனோம், ஜெயித்தோம். ஆனால் ஆட்டத்தை நம் ஊரில் வைக்கவில்லை, மில்வாக்கிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "கல்யாணம் நம்ம வீட்டுது, பந்தி மட்டும் அடுத்த வீட்டுலயா?" என்று ஹென்றி இருபது வருடம் திட்டினார். அறுபத்தொன்றில் ஒருவழியாக நம் ஊரிலேயே நடந்தது. நியூயார்க்காரர்களுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் முப்பத்தேழு அடித்தோம். அன்றைக்குக் கிழவர் அழுதார். மூக்கை என் கைக்குட்டையில்தான் சிந்தினார்.

அறுபத்தேழு ஆகஸ்டில் அவர் போய்ச் சேர்ந்தார். வருடா வருடம் புதுப்பிக்கும் அந்த இருக்கை இரண்டும் அவர் பெயரில்; புதிதாக ஒன்று வாங்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உயில் எழுதவில்லை. எங்கள் ஊரில் வீட்டை எழுதாமல் செத்தால்கூடச் சமாளித்துவிடலாம். இருக்கையை எழுதாமல் செத்தால் குடும்பம் உடையும். மகளும் மகனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரே பெயரைத் தரவேண்டும் என்று டிக்கெட் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

மகன் நார்பர்ட் கார் விற்பவன். நல்ல சட்டை, நிறையப் பேச்சு. இரண்டு இடமும் தனக்கு வேண்டும் என்றான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையில் நானும் இருந்தேன்.

"அக்கா, நீ பொம்பள. தனியா போய் அங்க உக்காந்து என்ன பண்ணப் போற? அப்பா கடைசி நிமிஷம் வரைக்கும் உக்காருவாரு. உன்னால முடியுமா?"

"நாப்பது வருஷமா அப்பா பக்கத்துல உக்காந்தது யாருடா, உன் மாமியாரா?" என்றாள் லியோனா. "சரி, ஞாயித்துக்கிழமை டல்லாஸோட இறுதி ஆட்டம். ரெண்டு பேரும் போவோம். ஆட்டம் முடியுறதுக்கு முன்னாடி எவன் ஸ்டேடியத்த விட்டு வெளிய போறானோ, அவன் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடணும்."

"நீ போனா?"

"நான் போனா ரெண்டும் உனக்கு. எனக்கு ரேடியோ இருக்கு."

அவன் சிரித்துக்கொண்டே கை கொடுத்தான். நாங்கள் சாட்சி.

அப்போது குளிர் சுமார்தான். ஞாயிறு காலை எழுந்தால், பூஜ்யத்துக்குக் கீழே பதின்மூன்று டிகிரி ஃபாரன்ஹீட். குளிரைக் கண்டு பாதிரியாரே பூசையைச் சுருக்கிவிட்டார். மான் வேட்டைக்குப் போடும் உடுப்பு, அதற்குள் செய்தித்தாள், காலுக்கடியில் அட்டை, பையில் பிராந்தி என்று ஊரே கிளம்பியது. நடுவருடைய விசில் உதட்டோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்ததும் ரத்தம். அப்புறம் விசிலும் இல்லை, வாயால் கத்திக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பதினாலு புள்ளி நாம் எடுத்தோம். பிறகு டல்லாஸ்காரன் ஏறி ஏறி வந்து, கடைசிக் கால்பகுதி தொடங்கியதும் பதினேழு பதினாலு என்று முந்திவிட்டான். லியோனாவின் புருவத்தில் பனி பூத்திருந்தது. பாதம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை என்றாள்.

"அப்ப கிளம்பு அக்கா. செத்துடுவ" என்றான் நார்பர்ட்.

"நீ முன்னாடி போ. பின்னாடியே வரேன்."

"ஏன், எனக்கென்ன?"

"உனக்குப் பல்லு தந்தியடிக்குதுடா. எனக்கே கேக்குது."

ஐந்து நிமிடம்கூட மிச்சம் இல்லை. பந்து நம் கையில், ஆனால் நம் கோட்டிலிருந்து முப்பத்திரண்டு கெஜத்தில்தான். அவர்கள் கோட்டைத் தாண்ட இன்னும் அறுபத்தெட்டு கெஜம், கண்ணாடி மாதிரி பனிக்கட்டித் தரை. ஜனம் எழுந்து போக ஆரம்பித்தது. நார்பர்ட்டும் எழுந்தான்.

"தோத்தாச்சு அக்கா. நான் போய்க் காரை ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன். இந்தக் குளிர்ல பந்தயம் கிந்தயம் எல்லாம் செல்லாது."

"டேய். கேட்டைத் தாண்டினா தாண்டினதுதான்."

"கார் விக்கிறவன் நான். கார் கிளம்பலைன்னா நாளைக்கு ஊர் சிரிக்கும்" என்று சொல்லிப் போனான்.

ரே அவனைக் கூப்பிட வாய் திறந்தார். நான் அவர் முழங்காலில் ஒரு அடி வைத்தேன். இது அக்கா தம்பி விவகாரம்.

அப்புறம் நம் பையன்கள் அங்குலம் அங்குலமாகப் பந்தை நகர்த்தினார்கள். விழுந்தார்கள், எழுந்தார்கள். கடைசியில் கோட்டுக்கு ஒரு கெஜம்கூட இல்லை, பதினாறு நொடி. லியோனா பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டாள். உணர்ச்சி இல்லாத காலில் எப்படி ஏறினாளோ! நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பந்து வைத்திருந்தவனே தலையைக் கொடுத்து உள்ளே பாய்ந்தான். இருபத்தொன்று, பதினேழு. ஜனம் மைதானத்துக்குள் இறங்கி கோல் கம்பத்தைப் பிடுங்கியது.

வெளியே வந்தால் நார்பர்ட் காரின் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து உள்ளே தலையை விட்டிருந்தான். கார் கிளம்பவில்லை. ரேடியோவும் செத்துவிட்டது.

"என்ன சத்தம் அது? என்ன ஆச்சு?"

லியோனா காரில் சாய்ந்து பாதத்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன். அவன் அந்த மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"உனக்குக் காரைச் சூடுபண்ணி வைக்கத்தானே அக்கா போனேன்" என்றான் கடைசியில்.

"தெரியும். இருந்தாலும் போன."

எங்கள் வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் அவள் காலை வைத்தேன். வலியில் அவள் கத்திய கெட்ட வார்த்தைகளைப் பாதிரியார் கேட்டிருந்தால் பூசையை இன்னும் சுருக்கியிருப்பார். பின்னால் இரண்டு நகம் விழுந்தது. நார்பர்ட் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். மை உறைந்திருந்தது. அடுப்பில் காட்டி உருக்கி, ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டான். அந்த ஒரு விஷயத்துக்காக அவனை எனக்குப் பிடிக்கும்.

அவள் காகிதத்தை மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு இடத்துல நான் ஒருத்தி எப்படிடா உக்காருவேன்? செப்டம்பர்ல ஆட்டம் ஆரம்பிக்கும்போது வந்துடு. பிராந்தி நீ கொண்டா" என்றாள்.

வந்தான். இருபத்தாறு வருடம் வந்தான். மூத்திரம் போவதாக இருந்தால்கூட அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பான்.