மடிப்பில்லாத பதினேழு தாள்கள்

பஸ் டிப்போவில் அவளுக்கு மணிக்கூண்டு என்று பெயர். பதினாறு வருடம் டைம்கீப்பராக இருந்தவள். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எந்த டிரைவர் எப்போது டியூட்டியில் ஏறினார், எப்போது இறங்கினார் என்பதெல்லாம் கேட்ட வாயை மூடுவதற்குள் சொல்லிவிடுவாள். அதனால் டிரைவர்கள் வைத்த பெயர். அவள் புருஷனும் அங்கே டிரைவர்தான். வீட்டில் சண்டை வந்தால், "மணிக்கூண்டு அடிக்க ஆரம்பிச்சிடுச்சுடா சாமி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

டிப்போவுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அவள் நாற்காலி போயிற்று. நாற்பத்தோரு வயதில் சும்மா உட்கார முடியவில்லை. தகவல் ஆய்வு என்று ஒரு படிப்பைத் தபால் வழியில் படித்து முடித்தாள். சர்வதேசக் குற்ற விசாரணைகளுக்கு உதவுகிற ஓர் அலுவலகம் ஆய்வாளர் பயிற்சிக்கு ஆறு மாதத்துக்கு ஆள் எடுப்பதைப் பார்த்து, கிடைக்கவா போகிறது என்றுதான் விண்ணப்பம் போட்டாள். கிடைத்துவிட்டது. கூடச் சேர்ந்த நான்கு பேரும் அவள் வயதில் பாதி. முதல் நாளே அவளை அக்காவாக்கிவிட்டார்கள்.

சேருவதற்கு முன் பதினெட்டுப் பக்கப் படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். அதில் ஒரு கேள்வி: வேலையில் இருந்தபோது பொய்யான ஆவணம் எதையாவது தயாரித்ததுண்டா? பேனா கொஞ்சநேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

அலுவலகம் மூன்றாவது மாடியில். வாசலிலேயே போனை வாங்கி இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது. பார்த்தது, படித்தது எதையும் வீட்டில் மூச்சுவிடக் கூடாது.

புருஷனுக்கு இது பிடிபடவே இல்லை.

"அப்படி என்னதான் வேலை அங்க?"

"பேப்பர் பாக்கிறது."

"எட்டு மணி நேரமா?"

"எட்டு மணி நேரமும்தான்."

"போன் பண்ணினா எடுக்கிறதில்ல. கேட்டா பெட்டியில இருந்துச்சுங்கிற. நான் என்ன காது குத்திக்க வந்தவனா?"

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அதுவே அவருக்கு ஒரு பதிலாகிவிட்டது.

இரண்டாம் மாதம் அவள் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. தூரத்து நாடு ஒன்றில் போர் நடந்தபோது கிராமம் கிராமமாக ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். போனவர்கள் திரும்பவில்லை. லாரிகள் ஒரு அரசுக் கிடங்கைச் சேர்ந்தவை. ஆனால் எந்த லாரி எதை ஏற்றிக்கொண்டு போனது என்று கிடங்கில் எழுதும் டிரிப் ஷீட்டுகள் எல்லாவற்றிலும் மாவு மூட்டை என்றுதான் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள், படமெடுத்து அனுப்பியவை. எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் ஒரே எழுத்தர்.

"எல்லாமே பொய்னு நினைக்கிறோம். ஆனா எது பொய்னு காட்ட முடியல. நீங்க ஒரு தடவை பாருங்க," என்றார் பிரிவுத் தலைவி. ஐம்பது வயது இருக்கும். யார் எதைச் சொன்னாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துத்தான் அடுத்த வார்த்தை பேசுவார்.

அந்த மொழி அவளுக்குத் தெரியாது. அதனால் எழுத்தைப் படிக்காமல் தாளைப் பார்த்தாள். மூன்றாம் நாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டிரைவர் டிரிப் ஷீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போடுவார். வேர்வை படும், டீ சிந்தும், மடிப்பில் எழுத்து அழியும். நூற்றுத் தொண்ணூற்றைந்து தாள்களில் குறுக்கும் நெடுக்குமாக மடிப்புக்கோடு தெரிந்தது. பதினேழு தாள்களில் இல்லை. அவை எந்த டிரைவரின் பையிலும் ஏறாத தாள்கள். மேஜையிலேயே பிறந்து மேஜையிலேயே தங்கியவை.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "பலே. வேற?"

"அந்தப் பதினேழுல மட்டும் கையெழுத்துக்கு அடியில கோடு இல்ல மேடம். மத்த எல்லாத்துலயும் எழுத்தர் கோடு போட்டிருக்கார். வேணும்னே விட்டிருக்கார்னு தோணுது. இது என்னோடது இல்லைனு காட்ட."

"மடிப்பு சரி. வேணும்னே விட்டார்னு எப்படிச் சொல்றீங்க?"

"சும்மா... தோணிச்சு."

"சும்மா தோணினதை எழுத முடியாது. எதிர்ப்பக்க வக்கீல் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவார். எப்படித் தெரியும்னு எழுதிக் கொடுங்க."

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். எப்படித் தெரியும்? அவளும் அதையே செய்திருக்கிறாள்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை. ஒரு டிரைவரை டிப்போ மேலாளர் விடாமல் இரண்டு டியூட்டி ஓட்டவைத்தார். பதினைந்தாவது மணி நேரத்தில் அந்த ஆள் ஸ்டீயரிங்கில் கண்ணசந்தார். சைக்கிளில் வந்தவர் கால் போயிற்று. மேலாளர் அவள் மேஜைக்கு வந்து, "மதியம்தான் டியூட்டிக்கு வந்தான்னு புதுசா ஒரு தாள் போடும்மா. இல்லைனா உனக்கும் சேர்த்துத்தான் ஓலை வரும்" என்றார். போட்டாள். கையெழுத்தின் கடைசியில் எப்போதும் வைக்கிற புள்ளியை மட்டும் வைக்கவில்லை. யாராவது கவனித்துக் கேட்டால் சொல்லிவிடலாம் என்று ஒரு நப்பாசை. யாரும் கேட்கவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து வந்தும் அலட்சியமாக ஓட்டினான் என்று அந்த டிரைவரின் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். அவர் அவள் புருஷனுக்கு உயிர் நண்பர்.

இரண்டு நாள் அறிக்கையில் ஒரு வரி எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் காலை பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறையில் ஜன்னலே கிடையாது. மேஜைமேல் ஒரு புகைப்படம். எதிர்ச் சாரிப் பெட்டிக்கடை ஓரம், தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி ஒரு ஆள்.

"மூணு வாரமா, வாரத்துல ஒரு நாள் இந்த ஆள் கட்டடத்தைக் கண்காணிக்கிறான். நீங்க வெளிய போனா பின்னாலயே வரான். யாருனு தெரியுமா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தெரியும் சார். எங்க வீட்டுக்காரர். வாரத்துல ஒரு நாள் அவருக்கு லீவு."

அதிகாரி சிரிக்கவில்லை. "எதுக்கு உங்களை வேவு பாக்கிறார்? அவர்கிட்ட எதை மறைக்கிறீங்க?"

அந்தக் கேள்வி போய்த் தைத்த இடம் வேறு. சொல்லிவிட்டாள். படிவத்தில் போட்ட குறி, மேலாளர், புள்ளி, எல்லாவற்றையும். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில், "அப்போ பொய்த்தாள் போடத் தெரிஞ்சவங்க நீங்க. இந்தப் பதினேழைப் பத்தி நீங்க சொல்றதை நாங்க ஏன் நம்பணும்?" என்று கேட்டார்.

"என்னை நம்பவேண்டாம் சார். அந்தத் தேதிகளைச் சரிபாருங்க."

பத்து நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வீட்டில் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அலுவலக விஷயத்தை விட்டுவிட்டுத் தன் விஷயத்தைச் சொன்னாள். புருஷன் பாதிச் சாப்பாட்டில் கையை இழுத்துக்கொண்டார்.

"ஒன்பது வருஷமா அவன் நம்ம வீட்டுக்கு வந்து போயிட்டிருக்கான்."

"ஆமா."

"அவன் தட்டுல நீயே சோறு போட்டிருக்க."

"ஆமா."

"நான் என்னமோ உன்னைச் சந்தேகப்பட்டேன். இதைச் சந்தேகப்படல பாரு." எழுந்து கை கழுவினார். "நீயே போய் அவன்கிட்டச் சொல்லு. நான் கூட வரமாட்டேன்."

போனாள். நண்பர் இப்போது ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன். கேட் ஓரமாக நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. "எழுதிக் குடுப்பியா?" என்று மட்டும் கேட்டார். எழுதிக் கொடுத்தாள். அதை வைத்து அவர் போட்ட மனுவை லைசென்ஸ் அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டது. அவர் அதன் பிறகு அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. புருஷன்தான் அவர் வீட்டுக்குப் போய்வந்தார்.

பத்து நாள் கழித்து அலுவலகத்தில் திரும்ப உட்காரவைத்தார்கள், ஆனால் பக்கத்தில் ஒரு ஆளோடு. அவள் திறக்கிற கோப்புகளையெல்லாம் அந்த ஆள் குறித்துக்கொண்டான். முதல் நாள் கூசியது. பிறகு பழகிவிட்டது.

கிடங்கு எழுத்தர் வேறொரு நாட்டில் அகதியாக இருப்பதைக் கண்டுபிடித்து விசாரணையாளர்கள் போய்க் கேட்டார்கள். "கோடா? நான் எதையும் விடல. பேனா சரியா எழுதியிருக்காது," என்றாராம். அவருடைய இரண்டு தம்பிகள் இன்னும் கிடங்கு இருந்த ஊரில்தான் இருந்தார்கள்.

தலைவி அந்தப் பதிலைப் படித்துக் காட்டிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். "நீங்க சொன்னது தப்பா, அவர் சொல்றது பொய்யா?"

"தம்பிங்க அங்க இருக்கிற வரைக்கும் நானா இருந்தாலும் அப்படித்தான் மேடம் சொல்வேன்."

தேதிகளை மற்ற சாட்சியங்களோடு ஒத்துப் பார்த்தார்கள். பதினேழில் பதினான்கு, ஆட்கள் காணாமல்போன அதே நாட்கள். அறையில் யாரும் கைதட்டவில்லை. மீதி மூன்று நாட்களில் யாரையும் காணோம் என்று எந்தப் புகாரும் இல்லை. எழுத்தர் தவறியிருக்கலாம். அல்லது புகார் கொடுக்கக்கூட ஒருவரையும் மிச்சம் வைக்காமல் ஏற்றியிருக்கலாம்.

ஆறு மாதம் முடிந்ததும் அவளுக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை. படிவத்தில் பொய் சொன்னது சொன்னதுதான் என்றார்கள். அந்த மூன்று நாட்களுக்காக மட்டும் இன்னும் மூன்று மாதம் நீட்டித்தார்கள். அன்று மதியமே உட்கார்ந்தாள். அந்தக் கிடங்கிலிருந்து ஒரு லாரி ஒரு பகலுக்குள் போய்த் திரும்பக்கூடிய தூரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒரு புகாரும் வராத ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள்.