வலைக்கயிற்றில் கட்டிய கால்

காரைக்காலில் மனநல டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரரின் வலது கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. கருக்களாச்சேரி மீனவர், வெயிலில் கறுத்து இறுகிய உடம்பு. கணுக்காலைச் சுற்றிக் கொலுசு போட்ட மாதிரி ஒரு சிவந்த தழும்பு.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "வலைக்கயிறுங்க" என்றார். "மாத்திரை ஆரம்பிச்சதுலேருந்து தூக்கத்துல கால் தன்னால உதைக்குது. வீட்டுக்காரிக்கு இடுப்புல நல்ல அடி. அதான் கட்டில்ல கட்டிக்கிட்டுப் படுக்கிறேன்."

"டாக்டர்கிட்ட சொல்லுங்க. வேற மாத்திரை தருவாங்க."

"வேண்டாங்க." குரல் இறங்கியது. "இந்த மாத்திரைக்கு முந்தி, கடலப் பாத்தாலே படகு இல்லாம இறங்கிப் போயிடணும்னு இருக்கும். இப்பக் கால்தான் எங்கயாவது போவணுங்குது. எனக்குப் போவணும்னு இல்ல."

அவரைக் கூப்பிட்டார்கள். பாதி திறந்த கதவு வழியே, "நல்லாத் தூங்குறேங்க" என்று அவர் சொன்னது கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்வதற்கா இவ்வளவு நேரம் காத்திருந்தார்?

அடுத்தது நான். எனக்கும் மாத்திரைதான். இரண்டு வாரமாகப் படுத்தால் காலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, எழுந்து நடந்தால்தான் அடங்கியது. அதைச் சொல்லத்தான் மண்டபத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன்.

"தூக்கம் எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"நல்லாத் தூங்குறேன் சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.