தேறாத கல்

கனிம வளம் கொழிக்கும் மாவட்டம் என்று கிருஷ்ணகிரியைப் பற்றி எவனாவது மேடையில் பேசினால் எனக்குக் குமட்டும். அந்த வளம் எங்கே வந்து யாரைக் கொழுக்க வைத்தது என்று பதினோரு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். திருவொற்றியூரில் ஒரு கல் யார்டில் வேலை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வரும் கிரானைட் பாறைகள், ஒவ்வொன்றும் ஒரு ஆட்டோ அளவு, கப்பலேறும் வரை எங்களிடம்தான் கிடக்கும். அவற்றின் மேல் வெள்ளை பெயிண்டால் எண் எழுதுவது என் பிழைப்பு. அங்கே இருந்த குன்றுகளை நான் கண்டதில்லை. துண்டு துண்டாக என் பிரஷ்ஷுக்கு முன்னால் வந்து நின்றதைத்தான் கண்டிருக்கிறேன்.

கல்லிலே நார் உரிப்பது என்பார்களே, எங்கள் முதலாளி அதை நிஜமாகவே செய்தார். வாங்குகிற கம்பெனிக்காகப் பரிசோதகர் ஒருவர் வருவார். மடிப்புக் கலையாத சட்டை, கூலிங் கிளாஸ், கல்லைத் தொட்டால் கை அழுக்காகிவிடுமோ என்ற பயம். பாறை மேல் வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்வார். நல்ல கல் ஒரே சீராகக் காய்ந்து வெளுக்கும். விரிசல் இருந்தால் அந்த இடம் மட்டும் ஒரு மெல்லிய கோடாக ஈரம் காயாமல் நிற்கும். அப்படி நின்றால் கல் தேறாது. இதுதான் முறை.

எங்கள் யார்டில் தண்ணீர் ஊற்றும் முன்பே எது தேறாது என்று முடிவாகியிருக்கும். ஏ.சி. அறையில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே இரண்டு பேரும் முடிவு செய்வார்கள். 'விரிசல், தேறவில்லை' என்று குவாரிக்குப் போன் போகும். அந்தக் கனத்தைத் திரும்ப ஏற்றி ஊருக்குக் கொண்டுபோக யாருக்குக் கட்டுப்படியாகும்? குவாரிக்காரன் அடிமாட்டு விலைக்கு எங்கள் முதலாளியிடமே தள்ளிவிடுவான். அன்று சாயங்காலமே பழைய எண்ணைக் கறுப்படித்துவிட்டு நான் புது எண் எழுதுவேன். அதே கல் முதல் தரமாகிக் கப்பலேறும். இதற்குப் பெயர் வியாபார மூளையாம். தூ! பிக்பாக்கெட் அடிக்கிறவனுக்காவது மாட்டினால் தர்ம அடி விழுமே என்ற பயம் உண்டு.

நான் என்ன யோக்கியன்? கொருக்குப்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்து இவர்களை வாய் கிழியத் திட்டிவிட்டு, காலையில் அதே பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நின்ற ஜென்மம்.

போன கோடையில் ஒரு நாள் காலை. கல் லாரியின் டிரைவருக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். மலையிலிருந்து பாறையைப் பிளந்தெடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. அவர் பிளந்த மூன்று கற்கள் எங்களிடம் அடுத்தடுத்துத் தேறவில்லை. வெடிமருந்தை அதிகமாக வைத்து விரிசல் விட வைத்தார் என்று குவாரிக்காரன் பழியை அவர் தலையில் போட்டு, அவரையும் அவர் ஆட்கள் எட்டுப் பேரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டான்.

"சண்டைக்கு வரலீங்க. விரிசல் எங்க விட்டிருக்குன்னு ஒரு தடவ கண்ணால பாக்கணும். என் கை எங்க தப்புச்சுன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார்.

முதலாளி வெளியே வந்து அவருக்கு டீ வாங்கித் தரச் சொன்னார். "பாவம், உழைப்பாளி" என்று உச்சுக் கொட்டினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது. பிறகு என் காதருகே, "கல் போயிடுச்சுன்னு சொல்லி அனுப்பு" என்றுவிட்டு உள்ளே போனார்.

"கல்லு அல்லாம் கப்பல்ல ஏத்தியாச்சு நைனா" என்றேன். அவர் கேட்டுக்கொண்டே வரிசையில் நடந்தார். ஒரு கல்லின் முன் நின்றார். பிளப்பதற்காக விளிம்பில் போட்ட துளைகளின் தடங்களை விரலால் தடவினார். கடைசித் துளை கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவருக்கு இடது கைப் பழக்கம்.

"இது என் கல்லுங்க."

தானே வாளியை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். கல்லுக்கு எதிரே வெயிலில் குந்தினார். நானும் நின்றேன். ஈரம் மெல்லப் பின்வாங்கியது. எங்கும் ஒரு கோடுகூட நிற்கவில்லை. பளிங்காகக் காய்ந்தது. அவர் எழுந்து சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு நான் எழுதிய புது எண்ணைப் பார்த்தார்.

"விரிசலே இல்லீங்களே. எண்ணும் வேறயா இருக்கு."

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி நின்றிருந்தார். உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த மனுஷனுக்கும் எட்டுக் குடும்பத்துக்கும் வேலை திரும்பும், எனக்குப் போகும். ஊரையெல்லாம் திருடன் என்று காறித் துப்பிய என் நாக்கு துளிகூடக் கூசவில்லை.

"உள்ளார கீது நைனா. வெளிய தெரியாது. மிஷின் வச்சி பாத்தாங்க. தேறாத கல்லுக்கு எண்ணு மாத்திடுவோம்."

அவர் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். "மிஷின் பாத்துச்சுன்னா சரிதானுங்க" என்றார். என்னிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போனை எடுத்தார். துளை போடும் சத்தத்தில் காது மந்தமானவர், யார்டு முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"டேய், பாத்துட்டேன். உள்ளுக்குள்ள விட்டிருக்கு. தப்பு என்னுதுதான். நீங்க எட்டுப் பேரும் ஓனர்கிட்டப் போங்க. மேஸ்திரிக்குக் கை போயிடுச்சு, அவர் வேணாம், எங்கள எடுத்துக்கங்கன்னு கேளுங்க. நான் வருத்தப்பட மாட்டேன்."

போனை மடியில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "மறைக்காமச் சொன்னீங்க. நல்லா இருங்க" என்றார்.