பிலோமினா அக்கா கிழித்து வைத்த முடிவுகள்

வீரபாண்டியில் பஸ்ஸுக்கு நின்றபோது போன் வந்தது. பிலோமினா அக்காவின் தம்பி சவரிமுத்து பேசினார். "அக்கா தவறிட்டாக. ஆஸ்பத்திரிலருந்து சின்னமனூருக்குக் கொண்டாந்துட்டோம்." என் கைப்பையில் அக்கா கொடுத்த நாவல் இருந்தது. அதன் கடைசிப் பக்கங்கள் அக்காவிடம் இருந்தன.

உத்தமபாளையம் கோர்ட்டில் நாங்கள் இருவரும் தட்டச்சர்கள். அக்கா சின்னமனூரில்தான் ஏறுவார். அதுவரை பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து இடம் பிடிப்பேன். மர்ம நாவல், விஞ்ஞானக் கதை என்றால் இருவருக்கும் உயிர். அக்கா முதலில் படித்துவிட்டு, முடிவைக் கிழித்து வைத்துக்கொண்டுதான் புத்தகத்தைத் தருவார். கொலையாளி யாரென்று சொன்னால்தான் மிச்சம் கிடைக்கும். "தப்பாவாச்சும் ஒரு பேரச் சொல்லு தாயி. சும்மா தெரிஞ்சுக்கிட்டா அதுல என்ன இருக்கு?" என்பார்.

திருவிழா நெரிசலில் ஒருமுறை இரண்டு நாவல்களின் கடைசிப் பக்கங்கள் மாறிவிட்டன. செத்துப்போன திராட்சைத் தோட்ட முதலாளி கடைசியில் விண்கலம் ஏறி வேறு கிரகத்துக்குப் போனார். பெயர்கூட வேறாக இருந்தது; மாறுவேஷம் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னதும் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அடி ஆத்தா! நல்லவேள, நீ வக்கீலுக்குப் படிக்கல."

பிறகு புற்றுநோய் வந்தது. தேனி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே எனக்கு இந்தக் கடைசி நாவலைத் தந்தார். பாதியிலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் பார்க்கப் போகும்போதெல்லாம், "இன்னும் பிடிபடலக்கா" என்றே சொன்னேன். நான் பெயரைச் சொல்லாதவரை அக்கா எனக்காகக் காத்திருப்பார் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. "மெதுவா யோசி. எனக்கென்ன அவசரம்?" என்பார். நான் கண்டுபிடித்துவிட்டது அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே இப்போது தோன்றுகிறது.

அக்கா வீட்டில் சவரிமுத்து மடித்த தாள்களோடு வந்தார். "ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாக. பேரக் கேட்டுட்டுத்தான் குடுக்கணுமாம்."

சவப்பெட்டியருகே குனிந்தேன். "டாக்டரம்மாதான்க்கா" என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. உடைந்து அழுதேன். சவரிமுத்து தாள்களை என் கையில் வைத்தார்.

இன்னும் அவற்றைப் பிரிக்கவில்லை. சரியென்று அக்கா சொல்லாமல் அவற்றைப் படித்து என்ன செய்ய?

அடக்கம் முடிந்த மறுநாள், பஸ்ஸில் பழக்கத்தில் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்திருந்தேன். சின்னமனூரில் ஏறிய ஓர் அம்மா, "ஆளு வர்றாகளா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

போய் வாருங்கள், அக்கா.