புல்டோசர் பில்லிக்கு ஓர் அர்ச்சனை

லுணுகலைத் தோட்டத்துச் சன்னாசி முப்பது வருடமாகத் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்து வருபவர். அவர் போற்றும் வீரர் புல்டோசர் பில்லிக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் பழுது. அன்று மாலை பில்லி மறுபடி ரிங்கில் ஏறுவதால், அவர் ஜெயிக்க வேண்டுமென்று சன்னாசி மாரியம்மன் கோயிலுக்குப் போனார்.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் பூசாரி.

"புல்டோசர் பில்லி. நட்சத்திரம் தெரியாதுங்க, என்னோட கேட்டையவே சொல்லுங்க."

வாசலில் நின்ற கடைக்கார நண்பர் ஹில்மி சிரித்தார். "யாரு ஜெயிக்கிறதுன்னு முன்னாலேயே பேசி வச்சிருப்பாங்க அண்ணே!"

"அப்ப பேசி வைக்கிறவனுக்கும் சேத்துப் பண்ணுங்க சாமி!"

மாலையில் ஹில்மியின் கடைத் தொலைக்காட்சியில் பில்லி ஜெயித்தார். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. தோற்ற இளைஞனே கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

சன்னாசி அசரவில்லை. "அர்ச்சனை பண்ணுனது ஜெயிக்கிறதுக்குத்தான். முழங்காலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை."