வசதிகள்: வெந்நீர், வைஃபை, அன்பான ஆன்ட்டி

மாடியில் வாடகைக்கு இருந்தவனுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குண்டலுபேட்டைக்காரன், இங்கே மைசூரில் கம்பெனி வேலை. வாரக் கடைசியானால் யாராவது பெட்டியும் பையுமாக வந்து இறங்குவார்கள். "ஆன்ட்டி, இவங்க நம்ம அத்தை குடும்பம்," என்பான். அடுத்த வாரம் சித்தப்பா. என்னவர் போனபிறகு இந்த வீட்டில் குக்கர் விசில் தவிர வேறு சத்தமில்லை. காலமெல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவளுக்கு அது ஒத்துவருமா? யார் வந்தாலும் கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுப்பேன். அவர்கள் வரும் நாளுக்காகக் காத்திருக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

தசரா சமயம், ஒரு மத்தியானம். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி கேட்டைத் தட்டினார்கள். மாடிக்காரன் வெளியூர் போயிருந்தான், போனையும் எடுக்கவில்லை.

"ஏனுங்க ஆன்ட்டி, மாடிச் சாவி உங்ககிட்ட இருக்குதுங்களா? புக் பண்ணியிருக்கோமுங்க," என்றாள் அந்தப் பெண். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பேச்சு.

"என்னத்தை புக் பண்ணினீங்க?"

போனை நீட்டினாள். என் மாடி. நான் தைத்த ஜன்னல் திரை. அதன் வழியே சாமுண்டி மலை. கீழே 'வசதிகள்' என்று போட்டு வெந்நீர், வைஃபை, அதற்கடுத்து 'கீழ்வீட்டில் அன்பான ஆன்ட்டி, காபி கிடைக்கும்'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் அத்தையும் சித்தப்பாவும் காசு கொடுத்துத் தங்க வந்தவர்கள்! நானும் இதில் கூட்டு என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அவளுடைய போனிலிருந்தே அந்த புக்கிங் கம்பெனியைக் கூப்பிட்டேன்.

"வீடு அவரோடதுன்னு அவர் டிக் பண்ணியிருக்கார் மேடம். சுற்றுலாத் துறைப் பதிவு இருக்குன்னும் டிக் பண்ணியிருக்கார்," என்றார் பேசியவர்.

"அதை நீங்க பார்த்தீங்களா?"

"அது வீட்டைப் போடறவங்க பொறுப்பு மேடம்."

"நான் ஒரு டிக் போட்டா மைசூர் அரண்மனையையும் வாடகைக்கு விடுவீங்களா?"

புகாரை ஏற்று அந்த புக்கிங்கை இப்போதே ரத்து செய்துவிடுவதாக மட்டும் சொன்னார். நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் குழந்தையை அணைத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தசராவில் மைசூரில் ரூமுக்கு எங்கே போவார்கள்?

"ரத்து பண்ணுங்க," என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. கணவர் பையைத் தூக்கினார்.

"எங்கே கிளம்பறீங்க? ரத்தானது மாடிதான். கீழ்வீட்டை எவனும் இன்னும் போடலை," என்று அதட்டி என் படுக்கையறையைத் திறந்துவிட்டேன். ஜம்பு சவாரி யானை ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

மாடிக்காரன் வந்து அழாத குறையாகக் கெஞ்சினான். காலி பண்ண வைத்துவிட்டேன். பெங்களூரிலிருந்து மகன் போனில் ஒரு பிடி பிடித்தான்: "யார் எவர்னே தெரியாம வீட்டுக்குள்ள விட்டிருக்கீங்க. ஏதாவது ஆகியிருந்தா போலீஸ் உங்களைத்தான் கேட்கும்." அவன் சொல்வது சரிதான். அந்தக் கம்பெனி ஒரு வீட்டு வரி ரசீதைக் கேட்டிருந்தால் மாடிக்காரன் டிக் போட்ட அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். அந்த அத்தைகளும் சித்தப்பாக்களும் என் வாசலுக்கே வந்திருக்க மாட்டார்கள். அதை நினைத்தால் எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னை மூட்டை கட்டி பெங்களூருக்குக் கொண்டுபோய்விடுவான்.

மாடி காலியாகவே கிடந்தது. சனிக்கிழமைகளைத் தள்ளுவது பெரும்பாடாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் யாரோ கேட்டைத் திறந்தார்கள். அதே தம்பதி. குழந்தை தத்தக்கா பித்தக்கா என்று நடக்க ஆரம்பித்திருந்தது.

"மைசூர்ல என்ன வேலை?" என்று கேட்டேன்.

"வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா. உங்களைப் பார்த்துட்டுப் போலாமுன்னு வந்தோமுங்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட லாட்ஜுல ரூம் போட்டிருக்கோம். லைசென்ஸ் இருக்குதான்னு கேட்டுட்டுத்தான் போட்டோமுங்க."

"லாட்ஜாம் லாட்ஜ்! முதல்ல அதைக் காலி பண்ணிட்டு வாங்க," என்று கத்தினேன். வரும்வரை தர மாட்டேன் என்று குழந்தையைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.