பார்டர் தாண்டிப் போட்டுக்கலாம்

போன வாரம் கடலூரில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு வாடகைக் காரில் பாகூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் முள் தரையில் கிடந்தது. டிரைவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"பார்டர் தாண்டிப் போட்டுக்கலாம்மா. தோ, வந்துடும்."

"வேணாம்பா… இங்கியே போடு!"

கத்தியே விட்டேன். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா நீங்க? பாண்டிக்காரங்க கடலூர்ல பெட்ரோல் போட்டா கேக்கறவன் சிரிப்பான்."

சிரிக்கட்டும். டேங்க் நிரம்பும்வரை நான் அந்த முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எங்கள் பக்கத்து நில அமைப்பு உங்களுக்குத் தெரியுமா? பாகூரிலிருந்து கரையாம்புத்தூர் போகிற வழியில் கொஞ்ச தூரம் புதுச்சேரி, அப்புறம் தமிழ்நாடு, ஒரு வளைவு திரும்பினால் மறுபடி புதுச்சேரி. பெட்ரோல் எங்கள் பக்கம் விலை குறைவு. அதனால், ஸ்கூட்டர் ஓட்டப் பழகும்போதே ஒரு பாடம் சேர்ந்து வந்துவிடும் — அந்தப் பக்கம் போடாதே, பார்டர் பக்கத்தில்தான் இருக்கும்.

உலகம் பூராவும் பார்டர் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்தேன் பாருங்கள்…

மகள் கயல்விழிக்குத் தலைப்பிரசவம் பார்க்க இந்த வருஷம் பிரான்ஸ் போயிருந்தேன். அவளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. "நடமாட முடியறப்பவே அம்மாவுக்கு நாலு இடம் காட்டிடலாம்" என்று காரில் லக்ஸம்பர்க் கிளம்பினோம். அதுவும் வேறு நாடுதான். ஆனால் காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாமாம். கேட்டவுடனே எனக்கு அது கரையாம்புத்தூர் மாதிரி ஆகிவிட்டது.

மாப்பிள்ளை திருக்கனூர்க்காரர். என் எதிரில் கால்மேல் கால் போட மாட்டார். நான் சொன்னதற்கு ஒரு முறைகூட மறுப்புச் சொன்னதில்லை. இதைப் பற்றி இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் உங்களிடம் பீற்றிக்கொண்டவள்தான் நான்.

வழியில் பெட்ரோல் குறைந்துவிட்டது என்று காரில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அதே நேரம் ஒரு பெட்ரோல் பங்க்கும் வந்தது. மாப்பிள்ளை இண்டிகேட்டர் போட்டார்.

"அந்த நாட்டுல வில கம்மின்னு நீங்கதான மாப்ள சொன்னீங்க? பார்டர் தாண்டிப் போட்டுக்கலாமே."

"இல்ல அத்தை… வந்து…" என்று இழுத்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இண்டிகேட்டரை அணைத்துவிட்டார்.

அந்த இழுவையை நான் கேட்டேன். கேட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்திலேயே டிராஃபிக் ஜாம். முன்னால் ஏதோ விபத்து. ஆமை வேகத்தில் ஊர்ந்ததில் இருந்த எரிபொருளும் போயிற்று. ஒருவழியாக ரோடு விட்டது. வண்டிகள் சீற ஆரம்பித்தன. அப்போது பார்த்து எங்கள் கார் இரண்டு முறை விக்கி, நின்றுவிட்டது. எப்படியோ ஓரத்துக்குக் கொண்டுவந்தார்.

தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிகிற மஞ்சள் மேல்சட்டைகளை எடுத்து எங்களுக்கு மாட்டி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தார். "இங்கிருந்து நகராதீங்க அத்தை" என்று சொல்லிவிட்டு உதவிக்குப் போன் செய்யப் போனார்.

நகராமல் நின்றேனா?

நம் ஊரில் லாரி நடுரோட்டில் நின்றால் என்ன செய்வார்கள்? ஒரு கொப்பை ஒடித்து வண்டிக்குப் பின்னால் போடுவார்கள். வருகிறவன் பார்த்து ஒதுங்குவான். தடுப்பை ஒட்டி ஏதோ ஒரு புதர். நல்ல கொப்பாகப் பார்த்து ஒடித்தேன். தடுப்பைத் தாண்டி ரோட்டோரமாக நடந்தேன். காருக்குப் பின்னால் போய், எல்லோருக்கும் தெரியட்டும் என்று வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தேன்.

ஒரு ஹாரன். அப்புறம் காற்று. கையில் இருந்த கொப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் கார்மேல் சாய்ந்து கிடந்தேன்.

"யம்மா! இந்தாண்ட வாம்மா!"

கயல்விழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தடுப்பைத் தாண்டிக்கொண்டிருந்தாள். கால் இடறியது. பக்கவாட்டில் விழுந்தாள்.

மாப்பிள்ளை போனைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கினார். அடியொன்றும் பெரிதில்லை. முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் அவள் வயிற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி… வலிக்குதா?"

"புள்ள அசையலம்மா."

என்னைத் திட்டியிருந்தாலாவது தேவலை. ஆம்புலன்ஸ் வரும்வரை நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் பெல்ட் மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். மெஷினில் முதலில் வெறும் இரைச்சல். நர்ஸ் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அப்புறம் கேட்டது — வயல் நடுவில் ஆயில் இன்ஜின் ஓடுவதுபோல, டக்டக் டக்டக் என்று.

"ஓடுதும்மா" என்றாள் கயல்விழி. அப்போதுதான் அழுதாள்.

எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். மாப்பிள்ளை பதில் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள். பாதி மறந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது புரிந்தது: "தப்பு என்னுடையது. எரிபொருளைக் கவனிக்கவில்லை."

எனக்குப் புரியும் என்று அவருக்குத் தெரியாது. திருத்திச் சொல்ல அந்த மொழியில் எனக்கு வார்த்தை இருந்தது. அது வாயைத் தாண்டவில்லை.

வெளியே வந்ததும், "ஏன் மாப்ள, அந்தப் பங்க்குலயே போட்டிருக்கலாம்ல?" என்று ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இது.

அவர் தலை குனிந்துகொண்டார். கயல்விழிதான் சொன்னாள்.

"உன்கிட்ட யாரும்மா வேணாம்னு சொல்ல முடியும்? அவரு சொல்லியிருந்தா, மாமியாரை எதுத்துப் பேசறாருன்னு ஊர் பூரா எழுதியிருக்க மாட்ட?"

எழுதியிருப்பேன்.

பேத்தி பிறந்துவிட்டாள். நல்ல சத்தமாக அழுகிறாள். பிரசவம் முடிந்து ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியபோது காரில் ஏறியதும் முதலில் முள்ளைத்தான் பார்த்தேன். மேலே முட்டிக்கொண்டு நின்றது. நான் எழுவதற்கு முன்பே மாப்பிள்ளை போய் நிரப்பி வந்திருக்கிறார்.

"ஏதாவது சொல்லணுமா அத்தை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க ஓட்டுங்க மாப்ள" என்றேன்.

மறுத்துப் பேசாத மாப்பிள்ளை கிடைத்தால், தாய்மார்களே… வாயைக் காக்க வேண்டியது நாம்தான்.